நரி பேசக் கூடாது

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக நான் வாயைத் திறக்கவில்லை.

நம்ப முடிகிறதா? வாரா வாரம் இந்தப் பக்கத்தில் என்னோடு பழகுகிறவர்கள் நீங்கள். என் வாய் ஓயாது என்று உங்களுக்குத் தெரியும். என் மகன் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது, "யம்மா, அந்த ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்து" என்பான். எங்கள் வீட்டில் ரேடியோவே கிடையாது.

அப்படிப்பட்டவள் மூன்று வாரமாக, மூணு மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஹாலில் ஒரு மேஜை முன்னால் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். காரணம்... நான் ஒரு நரி.

சிரிக்காதீர்கள். நான் மறுபடி மனுஷியாகி வாய் திறக்க வேண்டுமானால், என் சிநேகிதி சரோஜா, ஓட்டைக் காசு மாதிரி இருக்கிற ஒரு பித்தளை வாஷரை என் கையில் கொடுக்க வேண்டும். அந்த வாஷர் அவள் முந்தானையில் இருந்தது. அவள் விளையாட வருவதையே நிறுத்திவிட்டாள். மாசக் கடைசியில் ஊரை விட்டே போக இருந்தாள்.

அவளை வரவிடாமல் செய்தது நான்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் நித்யா என்று ஒரு பெண். கோயம்புத்தூர்க்காரி. புருஷன் தெர்மல் கரண்ட் ஸ்டேஷனில் இன்ஜினீயர். இவள் வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள். வந்த புதிதில் யாரோடும் பேச்சு இல்லை. எங்கள் தோட்டத்துப் பலாப்பழத்தில் ஒரு கீற்று கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டே, "ஆன்ட்டி, உங்களுக்குக் கதை சொல்ல வருமுங்களா?" என்று கேட்டாள்.

"யாரைப் பார்த்து இன்னா கேக்கிற?" என்றேன்.

அப்படி ஆரம்பித்தது இந்த விளையாட்டு.

இதில் காய் நகர்த்துவது கிடையாது, சீட்டுப் பிரிப்பது கிடையாது. நித்யா ஒரு கதையைத் தொடங்குவாள். "நீங்க மூணு பேரும் ஒரு காட்டு வழியா போறீங்க. எதிர்ல பாலம் அறுந்து கெடக்குது. என்ன பண்றீங்க?" என்பாள். நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். கஷ்டமான காரியம் என்றால் கட்டையை உருட்ட வேண்டும். தாயக்கட்டை மாதிரி இல்லை, இருபது முகம் உள்ள குட்டிக் கட்டை. பெரிய எண் விழுந்தால் நினைத்தது நடக்கும். சின்ன எண் விழுந்தால் ஆற்றில் விழ வேண்டியதுதான்.

ஆளுக்கு ஒரு வேஷம். நித்யா அதை 'கிளாஸ்' என்றாள். எங்களோடு விளையாடும் ஸ்டெல்லா டீச்சர் — பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் — "இன்னும் எத்தனை வருஷத்துக்கு நான் கிளாஸ் கிளாஸ்னு அலையணும்?" என்றார். அதனால் 'டிரேடு' என்று வைத்துக்கொண்டோம். எங்கள் ஊரில் டிரேடு என்றால் கைக்குழந்தைக்கும் புரியும். ஃபிட்டர் ஒரு டிரேடு, வெல்டர் ஒரு டிரேடு, எலக்ட்ரீஷியன் ஒரு டிரேடு. ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் கை வைப்பதில்லை.

டீச்சர் மந்திரக்காரி. நெருப்பு வரவழைப்பார், பூட்டைத் திறப்பார். சரோஜா வைத்தியக்காரி. காயத்தை ஆற்றுவாள், விழுந்தவரை எழுப்புவாள். நான் உருமாறி. நரியாவேன், கரடியாவேன், கழுகாவேன்.

ஒவ்வொரு டிரேடுக்கும் தனி மந்திரம். அதையெல்லாம் நித்யா இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து, தமிழில் சின்னச் சின்ன அட்டையில் எழுதி வைத்திருந்தாள். ரப்பர் பேண்ட் போட்டு மூன்று கட்டு. அவரவர் அட்டை அவரவருக்கு. விளையாடும்போது அட்டையை எடுத்துப் படித்துவிட்டுத்தான் மந்திரம் போட வேண்டும்.

சரோஜாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாத்தூர்ப் பக்கம். புருஷன் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்து இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். வளர்ந்த மகன்கள் ரெண்டு பேர். மூன்று ஆம்பிளைகளுக்கு நடுவில் சத்தமே போடாமல் வாழ்ந்தவள். ஒரு தடவை சொன்னாள்: "எங்க வீட்ல யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்கக்கா. கொழம்புல உப்பு இல்லன்னா, அவங்களே எந்திரிச்சு எடுத்துப் போட்டுக்கிடுவாங்க."

ரொம்ப நல்ல குடும்பம்தான், இல்லையா? ஆனால் அதைச் சொல்லும்போது அவள் முகம் அப்படி இல்லை.

அவளே இந்த மேஜை முன்னால் வேறு ஆள். யாராவது அடிபட்டு விழுந்தால் எங்கள் எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பும். "சரோஜா, காப்பாத்து!" என்று கத்துவோம். நிமிர்ந்து உட்காருவாள். அட்டையைப் படிப்பாள். கட்டையை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் போடுவாள். அந்த நேரத்தில் அவள் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. விழுந்து கிடப்பவன் கிடக்கட்டும், வைத்தியக்காரி வருவாள் என்கிற தெம்பு.

இதில் முதலில் வந்த சண்டை என்னால்தான்.

பழைய ரூல்படி, நான் கரடியாக மாறினால் கரடிக்கென்று தனி உயிர். விழுகிற அடியெல்லாம் கரடிக்கு. கரடி செத்தால் நான் ஒரு கீறல் இல்லாமல் மனுஷியாக எழுந்து வந்துவிடுவேன். வந்த உடனே திரும்பவும் கரடியாகலாம். விடுவேனா? சண்டைக்கும் கரடி, சமாதானத்துக்கும் கரடி. குடிசைக் கதவைத் தட்டக்கூடக் கரடியாகத்தான் போனேன்.

டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "இவங்களுக்கு மட்டும் எத்தனை உசுரு நித்யா? நாங்க என்ன வேடிக்கை பாக்க வந்தோமா?"

சரோஜா மெதுவாக, "எனக்கும் அக்காவுக்கு வைத்தியம் பாக்கணும்னு ஆசைதான். அவங்களுக்குத்தான் அடியே பட மாட்டேங்குதே" என்றாள்.

"ரூலை மாத்திடலாங்க. எப்படின்னு நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி" என்றாள் நித்யா.

ஒரு வாரம் யோசித்தேன். அப்போது என் வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆளுக்கொரு டோக்கன் இருந்ததாம். உள்ளே போகும்போது கொடுத்துவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்த பிறகும் ஒரு டோக்கன் போர்டில் தொங்கினால், ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். தேடப் போவார்களாம்.

அடுத்த ஞாயிறு அவருடைய டூல்ஸ் பெட்டியிலிருந்து ஒரு பித்தளை வாஷரைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

"இந்தா கேட்டுக்குங்க. நான் மாறப் போறதுக்கு முன்னாடி, இத ஒருத்தர் கையில குடுத்துட்டுத்தான் மாறணும். அவங்க இத என் கையில குடுத்துக் கூப்பிட்டாத்தான் நான் மனுஷியா வர முடியும். நானா வர முடியாது. மிருகத்துக்குப் பட்ட அடி எனக்கும் இருக்கும். அப்புறம் இன்னொண்ணு... மிருகமா இருக்கிற வரைக்கும் பேச்சு கிடையாது. நரி பேசக் கூடாது."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். டீச்சர்தான் கேட்டார், "நல்லா யோசிச்சிட்டீங்களா? கடைசி ரூல் உங்களால முடியுமா?"

சிரித்து முடிக்கவே அஞ்சு நிமிஷம் ஆனது.

அந்த ரூல் வந்த பிறகு விளையாட்டே மாறிவிட்டது. முன்னால் நான் மட்டும் கரடியாகப் போய் எல்லாரையும் அடித்துவிட்டு வருவேன். இப்போது மாறுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியிருந்தது. யாரை நம்பிக் கொடுப்பது? நான் ஒவ்வொரு தடவையும் சரோஜாவிடம்தான் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். நான் கால் வெந்த நரியாக நொண்டிக்கொண்டு வந்தால், முடிச்சை அவிழ்த்து, வாஷரை என் உள்ளங்கையில் வைத்து, "வாங்கக்கா. வந்துருங்க" என்பாள். அப்புறம் கட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

ஒரு விளையாட்டுதான். ஆனாலும் அந்த "வந்துருங்க" கேட்கும்போது என் கால் நிஜமாகவே ஆறிவிட்ட மாதிரி இருக்கும்.

நித்யா இதை பெங்களூரில் இருக்கிற அவள் சிநேகிதர்களுக்கு எழுதினாளாம். அவர்களும் இப்படித்தான் ஆடுகிறார்களாம். 'நெய்வேலி ரூல்' என்று பேர். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மார்க்கெட்டில் காய்கறிக்காரரிடம்கூடச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு கட்டு கொத்தமல்லி சும்மா கொடுத்தார்.

அந்தப் பெருமைதான் வினை.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்தனை நாளாக மறைத்துவிட்டேன்.

எனக்குச் சரியாகப் படிக்க வராது.

கம்மாபுரம் பக்கத்தில் நாலாவதோடு நிறுத்தியவள். பஸ் போர்டு படிப்பேன், நம்பர் எல்லாம் தலைகீழ்ப் பாடம். மற்றபடி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித்தான். ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம் ஆகும். இந்தப் பத்தியைக்கூட நான் எழுதுவதில்லை. போனில் பேசி அனுப்புவேன். பத்திரிகை ஆபீஸில் இருக்கிற பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். "உங்க எழுத்து அப்படியே பேசற மாதிரி இருக்கும்மா" என்று நீங்கள் கடிதம் போடுவீர்கள். பேசினதுதானே... வேறு எப்படி இருக்கும்?

நித்யாவின் அட்டைகளும் எனக்கு அப்படித்தான். நாலு வரி, பொடி எழுத்து. "கண்ணாடிய வூட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்" என்பேன். எத்தனை வாரம் கண்ணாடியை வீட்டிலேயே வைப்பது?

சரோஜா கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் ஒரு வார்த்தை கேட்டதில்லை. என் நாற்காலியை ஒட்டி உட்காருவாள். என் முறை வரும்போது குனிந்து, தனக்குத் தானே முணுமுணுக்கிற மாதிரி படிப்பாள். "ஓ... நரின்னா மூணு தடவ மோப்பம் பிடிக்கலாமா... கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கறதும் தெரியுமா..." நான் உடனே கம்பீரமாக, "நான் நரியா மாறி மோப்பம் பிடிக்கிறேன்!" என்பேன். எங்கள் ரெண்டு பேருக்குள் இது ஒரு ஏற்பாடு. பேசி வைத்துக்கொள்ளாத ஏற்பாடு.

ஒரு ஞாயிறு நித்யா கழுகுக்குப் புது அட்டை எழுதிக்கொண்டு வந்தாள். சரோஜா வழக்கம்போலக் குனிந்தாள். டீச்சருக்குப் பழைய பழக்கம் போகுமா?

"சரோஜா, அவங்க அட்டையை அவங்களே வாசிக்கட்டும். நீங்க சொல்லிக் குடுத்தா எப்படி?"

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அட்டை என் கையில். முதல் எழுத்து 'க'. அது தெரிந்தது. அதற்கு அப்புறம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றது. காது ரெண்டும் சுட்டது.

"நானா இவளைப் படிக்கச் சொன்னேன் டீச்சர்? இவதான் எல்லாத்துலயும் மூக்கை நீட்டிகினு வரா. சரோஜா, ஒன் டிரேடு வேலைய நீ பாரு. என் அட்டையில ஒனக்கு இன்னா வேலை?"

"சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். என் கையிலிருந்து நழுவிய அட்டையை எடுத்து, மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். யாரும் அதைப் படிக்கச் சொல்லி என்னைக் கேட்க முடியாதபடி.

அந்த நேரத்திலும் எனக்கு உதவிதான் செய்தாள், பாருங்கள்.

அன்றைக்கே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அடுத்த வாரமும் அட்டை இருக்குமே? ஒன்று, படிக்க வராது என்று சொல்ல வேண்டும். இல்லை, அட்டையையே ஒழிக்க வேண்டும். எது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அடுத்த ஞாயிறு போனதும் போகாததுமாக ஆரம்பித்தேன்.

"நித்யா, இந்த அட்டையே வேணாம். டிரேடுக்கு டிரேடு தனி மந்திரமும் வேணாம். யாருக்கு எது தோணுதோ அதைச் சொல்லட்டும், கட்டையை உருட்டட்டும். விழுந்தா நடக்கட்டும்."

"ஆனா ஆன்ட்டி... அப்ப டிரேடுக்கு என்னங்க அர்த்தம்?"

"வடக்குத்து கிராமத்துல என் மகன் வூடு கட்டிகினு இருக்கான். ஒரு வாரமா வேலை நிக்குது. பைப்புக்காரர் வந்தா, கொத்தனார் சுவரை ஒடைக்கட்டும்ன்றார். கொத்தனார் வந்தா, ஒயரிங் முடியட்டும்ன்றார். ஒயரிங்காரர், பைப்பு முடியட்டும்ன்றார். மூணு பேரும் வேப்பமரத்தடியில ஒக்காந்து டீ குடிக்கிறாங்க. இந்தக் கொடுமை நம்ம விளையாட்டுலயும் எதுக்கு? ஒருத்தருக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியட்டுமே. அதுதானே நியாயம்?"

எவ்வளவு அழகாகப் பேசுகிறேன், பார்த்தீர்களா! நியாயம் என்கிற வார்த்தையைக்கூடப் போட்டேன். உள்ளே இருந்தது பயம்.

டீச்சருக்குப் பிடித்துவிட்டது. "நல்ல யோசனைதான். சீக்கிரம் நகரும்" என்றார். நித்யாவுக்குத்தான் தயக்கம். "என் போன ரூல் பெங்களூரு வரைக்கும் போச்சா இல்லையா?" என்று ஒரு போடு போட்டேன். அவள் சரோஜா பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஓகேங்களா?" என்று கேட்டாள்.

"அக்கா சொன்னா சரிதான்."

அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தன்னிடம் இருந்த ஒன்றே ஒன்றைக் கேட்டபோது, கொடுத்துவிட்டாள். அதுதான் நடந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

அன்றைக்கே புது ரூலில் ஆடினோம். நான் வாஷரைச் சரோஜாவிடம் கொடுத்துவிட்டு நரியானேன். வாங்கி முடிந்துகொண்டாள். கதையில் எங்களை ஆற்றைக் கடத்திவிட்ட ஓடக்காரர் அம்பு பாய்ந்து விழுந்துவிட்டார். பழக்கம் போகுமா? எல்லார் முகமும் சரோஜா பக்கம் திரும்பியது. அவள் நிமிர்ந்தாள். கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இருங்க, நானே குணப்படுத்தறேன்!" டீச்சர் தன் கட்டையைப் போட்டுவிட்டார். பதினெட்டு. ஓடக்காரர் எழுந்துவிட்டார்.

டீச்சர்மேல் குற்றம் இல்லை. புது ரூல் அதுதானே?

சரோஜாவின் கை அப்படியே கண்ணுக்குப் பக்கத்தில் நின்றது. அப்புறம் கட்டையை உருட்டாமல் கீழே வைத்தாள். "நல்லா விழுந்துச்சு டீச்சர்" என்றாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் டீச்சர் ஒருத்தருக்கும், நித்யாவின் கதையில் வந்த காவல்காரர் இன்னொருத்தருக்குமாக ஆளாளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். நாலரை மணிக்கு, "குக்கர் வைக்கணும்" என்று எழுந்தாள்.

நாலரை மணிக்கு யார் குக்கர் வைப்பார்கள்?

எனக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நரி. நரி பேசக் கூடாது. என் வாழ்க்கையில் அந்த ரூல் அவ்வளவு வசதியாக இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

வாஷர் அவள் முந்தானையோடு போய்விட்டது.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. புருஷன் ரிட்டயர் ஆனதால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிச் சாத்தூருக்கே போக வேண்டும், சாமான் கட்டுகிற வேலை என்று சொல்லி அனுப்பினாள். நான் நரியாகவே உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. டீச்சர் ஒரு கதவைத் திறக்கப் போகிறார். அதற்குப் பின்னால் குழி இருக்கிறது என்று நரி மோப்பத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல முடியுமா? கையை ஆட்டுகிறேன், தலையை ஆட்டுகிறேன், மேஜையைத் தட்டுகிறேன். "நரிக்குப் பசி போல" என்று டீச்சர் என் பக்கம் முறுக்கைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். குழிக்குள் விழுந்தார்.

"ஆன்ட்டி, ரூலை மாத்திக்கலாங்களா? வேற யாராவது கூப்பிட்டா நீங்க வந்துடலாம்னு?"

இல்லை என்று தலையாட்டினேன். நான் போட்ட ரூலை நானே மாற்றுவதா? பெங்களூரில் என்ன நினைப்பார்கள்?

மூன்றாவது வாரம் டீச்சரே கட்டையைக் கீழே போட்டார். "எல்லாரும் எல்லாம் பண்றோம். ஆனா ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. கவனிச்சியா நித்யா?" என்றார். பள்ளிக்கூடத்தில் அத்தனை வருஷம் இருந்தவர். அவருக்கு மூன்று வாரத்தில் புரிந்தது. எனக்கு அதற்கு முன்பே புரிந்திருந்தது. புரிந்து என்ன?

சரோஜா வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். எங்கள் ஊரில் ஒரு வீடு காலியாகிறது என்றால் அந்த பிளாக்கே அங்கே போய்வரும். கோழிக்கூண்டு ஒருத்தருக்கு, துணி காயப்போடுகிற கம்பி ஒருத்தருக்கு, தண்ணீர்க் குழாய் ஒருத்தருக்கு. நட்ட மரத்தை எடுத்துக்கொண்டு போக முடியாது இல்லையா? கிளையை ஒடித்தும், கன்றைத் தோண்டியும் கொடுத்துவிட்டுப் போவார்கள். யாரோ முருங்கைக் கிளையைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போவார்கள். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கும் ஒரு கறிவேப்பிலைக் கன்று வந்தது. கொண்டுவந்தது அவள் பெரிய மகன். அவள் வரவில்லை.

நானும் ஒரு நாள் அவள் வீட்டு கேட் வரைக்கும் போனேன். அவள் புருஷன் கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை கேட்டைத் தொட்டுவிட்டது. வயசில் பெரியவள் நான், நானா போய்க் கேட்பது என்று திரும்பி வந்துவிட்டேன். திரும்பி வருகிற வழி ரொம்ப நீளம்.

போன வியாழக்கிழமை காலையில் லாரி வந்துவிட்டது என்று என் மருமகள் சொன்னாள். நித்யா வீட்டுக்குப் போய் சரோஜாவின் அட்டைக் கட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு போவது எப்படி?

பீரோவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, மூக்கெல்லாம் தூசியோடு நின்றிருந்தாள்.

"வாங்கக்கா."

"இந்தா. நித்யா ஒங்கிட்ட குடுக்கச் சொன்னா" என்றேன். பாருங்கள், அதிலும் ஒரு பொய்.

வாங்கினாள். ரப்பர் பேண்டை எடுத்துவிட்டு ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தாள். திரும்பக் கட்டினாள். பக்கத்தில் மூட்டை முடிச்சு எவ்வளவோ இருந்தது. அதில் எதிலும் வைக்காமல் தோளில் மாட்டியிருந்த கைப்பையில் வைத்தாள்.

அப்புறம் முந்தானையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தாள்.

அன்றைக்கு அவள் கட்டியிருந்தது வேறு சேலை. அந்த ஞாயிறு கட்டியிருந்த நீலச் சேலை இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. அப்படியானால் தினமும் குளித்துச் சேலை மாற்றும்போது, ஒன்றில் அவிழ்த்து இன்னொன்றில் முடிந்திருக்கிறாள். ஒரு நாள் விடாமல்.

நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன் என்று அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

வாஷரை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "வாங்கக்கா. வந்துருங்க. இப்ப நீங்க பேசலாம்."

எனக்குச் சொல்ல என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். 'எனக்குப் படிக்க வராதும்மா. அந்த வெக்கத்துல உன் மந்திரத்தைப் பிடுங்கிட்டேன்.' ரெண்டே வரி. தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தேன்.

"சாப்ட்டியா?" என்றேன்.

சிரித்தாள். "ஆச்சுக்கா. அந்தக் கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர் ஊத்துங்க. சட்டுனு பிடிச்சுக்கிடும்."

புருஷன் காரிலிருந்து கூப்பிட்டார். ஏறிக்கொண்டாள். லாரி முன்னால், கார் பின்னால். வளைவில் திரும்புகிற வரைக்கும் நான் வாயைத் திறந்தபடியே நின்றிருந்தேன் என்று நினைக்கிறேன். ஒரு ஈ வந்து உட்கார்ந்த பிறகுதான் மூடினேன்.

இந்த ஞாயிறு வாஷரை மேஜைமேல் வைத்தேன். "ஆன்ட்டி திரும்பி வந்துட்டாங்க!" என்று நித்யா கை தட்டினாள். "நரி என்ன சொல்லுது?" என்றார் டீச்சர்.

"பழைய ரூலையே வெச்சுக்கலாம். அட்டை இருக்கட்டும். எனக்குப் படிக்க வராது. யாராவது படிச்சுக் காட்டுங்க."

அவ்வளவுதான். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. கூரை இடியவில்லை. டீச்சர்தான், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"அன்னைக்கு எனக்கு மானம் பெருசா இருந்துச்சு டீச்சர்."

இவ்வளவு சின்ன வார்த்தைக்கா அவ்வளவு பெரிய ரூலை மாற்றினேன்? அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது. பெரிய காரணத்துக்காக ஒரு மனுஷியை இழந்தால் சொல்லிக்கொள்ளவாவது முடியும்.

வைத்தியக்காரி டிரேடை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குக் கதையில் நான் அம்பு பட்டு விழுந்தேன். ரெண்டு பேர் முகமும் அந்தக் காலி நாற்காலிப் பக்கம் திரும்பியது. நித்யா கதையை அங்கேயே நிறுத்திவிட்டாள். நான் இன்னும் விழுந்துதான் கிடக்கிறேன்.

சாத்தூரிலும் இந்தப் புத்தகம் கடைக்கு வருகிறதாம், விசாரித்தேன். சரோஜா, இந்தப் பக்கத்தை நீ வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்காதே. சத்தமாகப் படி... பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறேன்.